ஓவர்டேக் செய்யும்போது இன்ஜின் ஏன் திணறுகிறது?

கேள்வி:

ஐயா, வணக்கம். தர்மபுரியில் இருந்து எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மற்றபடி குறை இல்லை. சேலம் போகும் வழியில் லாரியை ஓவர்டேக் செய்ய இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தால், 80 கி.மீ. வேகம் வந்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து இழுப்பது போல வண்டி விட்டுவிட்டுத் திணறுகிறது. கியரை மாற்றினால் சரியாகிவிடுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் ஃபியூவல் பம்ப் மாற்றச் சொல்கிறார். கோவையில் ஒரு ட்யூனிங் கடையில், "இது கம்ப்யூட்டர் போடும் லாக், ரீமேப் பண்ணித் திறந்துவிடலாம்" என்கிறார்கள். திறக்கலாமா? இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறதென்றால், இனி எப்படி ஓட்டினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பலாமா? என் மாமாவின் லாரி 80-க்கு மேல் போகாது. அந்த லாக்கும் இதுவும் ஒன்றுதானா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஃபியூவல் பம்ப்பை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியைப் பார்த்தால் ட்யூனிங் கடைக்காரர் சொன்ன காரணம்தான் சரி. ஆனால் அவர் சொன்ன வைத்தியம் தவறு.

உறுதி செய்துகொள்ள எளிய வழி இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத நேரான சாலையில், ஒரே ஒரு முறை முதல் கியரில் முழுசாக மிதித்து, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இரண்டாவது கியரில் எந்த எண்ணில் திணறியதோ அதே எண்ணில் முதல் கியரிலும் திணறினால் அது லிமிட்டர், அதாவது இன்ஜின் சுழற்சிக்கு வைத்த எல்லை. அப்போது வேகம் 45 கி.மீ. அளவில்தான் இருக்கும். வேகம் வேறு, முள் நிற்கும் இடம் ஒன்று என்றால் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பார்ப்பது வண்டியின் வேகத்தை அல்ல, இன்ஜினின் சுழற்சியை என்று அர்த்தம். பம்ப் வலுவிழந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரு நாள் 4,500-ல் மூச்சு வாங்கும், இன்னொரு நாள் 5,200-ல். ஏற்றத்தில், உயர்ந்த கியரில், சுமையோடு போகும்போது இன்னும் முன்னதாகவே சோர்ந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். பல கார்களில் அதில் 60 பல்லுக்கான இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் இருக்கும். இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பக்கத்தில் உள்ள சென்சார் பற்களை எண்ணிக்கொண்டே வரும். அந்த இடைவெளி வந்ததும் ஒரு சுற்று முடிந்தது, பிஸ்டன் இந்த இடத்தில் இருக்கிறது என்று இசியூவுக்குத் தெரிந்துவிடும். சுற்று எண்ணிக்கை குறித்து வைத்த எல்லையைத் தொட்டதும் இசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைத் திறப்பதை நிறுத்திவிடும். பெட்ரோல் இல்லை, அதனால் உந்துதல் இல்லை. ஆர்பிஎம் ஒன்றிரண்டு நூறு இறங்கியதும் மறுபடி பெட்ரோலைத் தரும். உங்கள் கால் இன்னும் ஆக்சிலேட்டரில் அழுந்தியிருப்பதால் முள் மறுபடி ஏறும், மறுபடி நிறுத்தும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கிறது. அதைத்தான் யாரோ பிடித்துப் பிடித்து இழுப்பதாக உணர்ந்திருக்கிறீர்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில கார்களில் எல்லை நெருங்கும்போதே காற்று வழியை மெல்ல மூடிவிடுவார்கள். அங்கே திணறல் தெரியாது, முள் மட்டும் அப்படியே நின்றுவிடும்.

ஸ்பார்க்கை நிறுத்தினாலும் இன்ஜின் அடங்கும். சில பந்தய வண்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்தால் அந்த விலையுயர்ந்த பாகம் உருகிப்போகும். நம் சாலைக் கார்களில் பெட்ரோலை நிறுத்தும் முறையே வழக்கமானதற்கு இது முக்கியமான காரணம்.

அந்த எல்லை ஏன் அங்கே இருக்கிறது? இதை நிதானமாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் ரீமேப் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 100 முறை சுற்றுகிறது. பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று நொடிக்கு 200 முறை முழுசாக நின்று திரும்புகிறது. உங்கள் இன்ஜினில் பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்துக் கால் கிலோ என்றும், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 7 செ.மீ.க்குச் சற்று மேல் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மேல் முனையில் அதை நிறுத்தித் திருப்பிக் கீழே இழுக்கத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 470 கிலோ எடைக்குச் சமம். கால் கிலோ பொருளுக்கு! அவ்வளவையும் தாங்குவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், அதன் அடியில் உள்ள இரண்டு சிறிய போல்ட்டுகளும்.

இந்த விசை ஆர்பிஎம் ஏறும் அளவுக்கு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமாக ஏறுகிறது. 6,000-ஐ 7,200 ஆக்கினால் சுழற்சி கூடுவது 20 சதவீதம்தான், இழுவிசை கூடுவது 44 சதவீதம். 470 கிலோ இருந்த இடத்தில் 680 கிலோ. அதிலும் மோசமான நேரம், புகை வெளியேறி முடிந்து பிஸ்டன் மேல் முனைக்கு வரும் கணம். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லை. பிஸ்டனைக் கீழே தள்ளி ராடுக்கு உதவ எதுவும் இல்லாமல் முழு இழுப்பும் போல்ட்டின் மேல் விழுகிறது.

காற்றையும் புகையையும் விடும் கதவான வால்வு இன்னொரு பக்கம். சுழலும் தண்டில் மேடாக இருக்கும் கேம் தள்ளித் திறக்கும் வால்வை ஸ்பிரிங்தான் மூட வேண்டும். 6,000-ல் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஓரளவுக்கு மேல் ஸ்பிரிங்கால் கேமின் வேகத்தோடு ஓட முடியாது. வால்வு மூட வேண்டிய நேரத்தில் அந்தரத்தில் நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அதை அடிக்கும். வளைந்த வால்வு, ஓட்டை விழுந்த பிஸ்டன், ஹெட் வேலை. ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் வால்வு அடித்த பிறைத் தடம் தெரிந்தால், எல்லை தாண்டிச் சுற்றியதைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம். டைமிங் விட்டுப்போனாலும் அதே தடம் விழும் என்பதால் அதையும் சேர்த்தே சரிபார்ப்போம்.

நான் தொழில் கற்றது டீசல் பம்ப் ரூமில். அந்தக் காலப் பம்ப்பின் பின்பக்கத்தில் கவர்னர் பெட்டி இருக்கும். உள்ளே சுழலும் எடைகள், அவற்றை எதிர்க்கும் ஸ்பிரிங். வேகம் கூடினால் எடைகள் விரிந்து டீசலைக் குறைக்கும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்திய சுழலும் குண்டுகளின் வழியில் வந்ததுதான் அது. டீசல் இன்ஜினில் காற்றைக் கட்டுப்படுத்தி வேகத்தை அடக்கும் வழக்கம் இல்லாததால், கவர்னர் இல்லாத டீசல் இன்ஜின் சுமையில்லாமல் ஓடினால் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் வரை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கவர்னரின் உச்ச வேக ஸ்க்ரூவுக்குக் கம்பி சுற்றி ஈய சீல் வைத்திருப்போம். சொந்த லாரி ஓட்டும் ஒருவர் ஒவ்வொரு முறை வரும்போதும், "அந்த சீலை மட்டும் உடைச்சு ரெண்டு திருகு திருகிக் கொடுங்க மேஸ்திரி" என்று கெஞ்சுவார். என் மேஸ்திரி கடைசி வரை மறுத்தார். லாரிக்காரர் வேறெங்கோ போய்த் திருகிக்கொண்டார். சில மாதம் கழித்து அந்த லாரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ராடு அறுந்து வெளியே வந்திருந்தது. அந்த மனிதர் வண்டிக்கு அருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடன் இன்னும் முடியவில்லை. எனக்கு அப்போது இருபது வயது, அந்தக் காட்சி இன்றும் மறக்கவில்லை.

உங்கள் காரில் அந்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஓர் எண் இருக்கிறது. ரீமேப் செய்பவர் மடிக்கணினியை இணைத்து அந்த எண்ணை மாற்றுவார். போல்ட், ஸ்பிரிங், பேரிங் எதையும் அவர் மாற்றுவதில்லை. உங்களுக்குப் பயனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. இந்த வகைச் சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் உச்ச பவரைத் தருவது 6,000 அளவில். அதற்கு மேல் சத்தம்தான் கூடும், இழுவை இறங்கிக்கொண்டே போகும். 80 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியருக்கு மாறினால் முள் 4,200-ஐ ஒட்டி வந்து நிற்கும். டார்க், அதாவது இழுவைத் திறன், நன்றாகக் கிடைப்பது அந்த இடத்தில். லாரியைக் கடக்க உங்களுக்குத் தேவையானது அதுதான். திணறல் வரும் வரை காத்திருக்காமல் 5,500-லேயே மாற்றப் பழகுங்கள். எதிரே வண்டி வரும்போது இரண்டாவது கியரில் லிமிட்டரைத் தொட்டு நிற்பது உயிருக்கே ஆபத்து.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் காக்கிறது, எப்படி ஓட்டினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாதா? ஆகும், தம்பி. இசியூவின் கையில் முக்கியமாக இருப்பது எரிபொருள்தான். அதைத் தராமல் இருக்க அதனால் முடியும். சுற்றுகிற இன்ஜினைப் பிடித்து நிறுத்த அதனிடம் எதுவும் இல்லை. இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றும் வரை இசியூ எஜமான். சக்கரம் இன்ஜினைச் சுழற்றத் தொடங்கிவிட்டால் அது வெறும் பார்வையாளர்.

நூறு கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரில் போகிறீர்கள், முள் 3,000-ல் இருக்கிறது. நான்காவதுக்கு இறக்க நினைத்து லீவரை இழுக்கும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இரண்டாவதில் விழுந்துவிடுகிறது. கிளட்ச்சை விட்ட மறுகணம் சக்கரங்கள் இன்ஜினை 7,800-க்கு இழுத்துப் போகும். லிமிட்டர் 6,400-ல் பெட்ரோலை நிறுத்திவிட்டுத்தான் இருக்கும், ஆனால் பயன் இல்லை. மேலே போட்ட கணக்கில் அந்த 470 கிலோ இப்போது கிட்டத்தட்ட 800. போர்ஷே கார்களின் இசியூ, இன்ஜின் எல்லை தாண்டிச் சுற்றியதை வரம்பு வரம்பாகப் பதிந்து வைத்திருக்கும். பழைய போர்ஷே வாங்குபவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். லிமிட்டர் உள்ள வண்டியில் எல்லை தாண்டிய பதிவு எப்படி வரும்? பெரும்பாலும் இப்படித் தவறிய கியரால்தான். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி வண்டிகளில் கியரும் கம்ப்யூட்டர் கையில் இருப்பதால் அது இரண்டாவதைத் தர மறுத்துவிடும். உங்கள் வண்டியில் மறுக்க வேண்டியது உங்கள் கை. கீழே இறக்கும்போது லீவரை இறுகப் பிடித்து முறுக்காமல், உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளுங்கள். நியூட்ரலில் நடுவுக்கு அதுவே வந்து நிற்கும், அங்கிருந்து நேராகப் பின்னால் இழுத்தால் நான்காவது.

மாமாவின் லாரியில் உள்ள லாக் வேறு, ஆனால் அதை நம்பி ஓட்டினால் அங்கே அபாயம் பல மடங்கு. அந்த 80 லாக் சட்டப்படி வைத்த வேகக் கட்டுப்பாடு. 2015 அக்டோபர் 1 முதல் தயாரான லாரி, பேருந்து போன்ற வாகனங்களுக்கு 80 கி.மீ., பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60 கி.மீ. என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அது பார்ப்பது வண்டியின் வேகத்தை. உங்கள் காரில் திணறியது இன்ஜின் சுழற்சிக்கான எல்லை. மாமாவின் லாரியில் இரண்டுமே உண்டு. டீசல் லாரி இன்ஜின்களின் சுழற்சி எல்லை 2,500 அளவிலேயே வந்துவிடும், ஏனென்றால் அங்கே பிஸ்டனும் ராடும் அவ்வளவு கனம். இரண்டு லாக்குகளும் செய்வது ஒன்றே ஒன்றுதான்: டீசலைக் குறைக்கும். பிரேக் போடாது.

நீங்கள் தர்மபுரிக்காரர், தொப்பூர் கணவாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு வரும் லாரிகளால் எத்தனை உயிர் போயிருக்கிறது! 80 லாக் இருக்கிறதே, அதற்கு மேல் வண்டி போகாது என்று நினைக்கும் ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் வரும் லாரியைத் தள்ளுவது டீசல் அல்ல, அதன் எடை. லாக் டீசலை நிறுத்திய பிறகும் வண்டி 90, 100 என்று ஏறும்.

மிச்சம் பிடிக்கும் கணக்கும் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் இசியூ டீசலை முழுசாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, கியரில் இறங்குவதுதான் சிக்கனம். அதோடு இன்ஜினும், புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டே வரும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் லைனிங்கின் மேல் விழுந்து, அது சூடேறி, பாதி இறக்கத்தில் பெடலை மிதித்தால் பிடிக்காத நிலை வரும். அந்த நேரத்தில் பதறிப்போய் கீழ் கியரைப் போட முயன்றால் ஒன்று கியர் விழாது, விழுந்துவிட்டால் உங்கள் காருக்குச் சொன்ன அதே கதி லாரி இன்ஜினுக்கும். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரை, இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள். முள் சிவப்பை நெருங்கினால் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்து, இன்னும் ஒரு கியர் கீழே.

டர்போ உள்ள டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போவின் ஆயில் சீல் போய், இன்ஜின் தன் சொந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தால் இசியூ டீசலை நிறுத்தினாலும் அடங்காது, சாவியை எடுத்தாலும் அடங்காது. அடர்ந்த புகையோடு சுழற்சி தானாக ஏறினால், பிரேக்கை அழுத்திப் பிடித்து உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்தலாம். முடியாவிட்டால் இறங்கி விலகிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

கார்களிலும் உச்ச வேகத்துக்குத் தனி எல்லை உண்டு. அங்கே காக்கப்படுவது பல நேரம் இன்ஜின் அல்ல, டயர். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும்: 'எஸ்' என்றால் 180, 'டி' என்றால் 190, 'ஹெச்' என்றால் 210 கி.மீ. வரை. அதைத் தாண்டினால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும் சூட்டில் அடுக்குகள் பிரிந்துவிடும். பின் சக்கரம் இழுக்கும் நீளமான வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் அது ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வளைந்து சுற்ற ஆரம்பிக்கும். நீளப் பேருந்துகளில் அதை இரண்டு துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் வைப்பதற்கு அதுவும் காரணம். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த பல கார்களில் 80-ல் விட்டு விட்டும், 120-க்கு மேல் விடாமலும் அடிக்கும் பீப் ஒலியைப் பலர் லாக் என்று நினைக்கிறார்கள். அது எச்சரிக்கை மட்டும், எதையும் தடுக்காது.

என்றாவது எந்த கியரிலும் 3,000-க்கு மேல் ஏறவே மறுத்து, மீட்டரில் இன்ஜின் விளக்கும் எரிந்தால் அது வேறு. ஏதோ ஒரு சென்சாரோ சூடோ சரியில்லை என்று இசியூ வண்டியை மெதுவாக வீடு சேர்க்கும் நிலை. உடனே ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் விட்டுப்போன ஒரு விவரம். திணறும்போது முள் எந்த எண்ணில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மீட்டரில் சிவப்புக் கோடு தொடங்கும் இடத்திலோ, அதிலிருந்து ஒன்றிரண்டு நூறு தள்ளியோ என்றால் கவலையில்லை. சிவப்பைத் தாண்டி 600, 700 போன பிறகுதான் திணறுகிறது என்றால், உங்களுக்கு விற்றவர் ஏற்கெனவே அந்த எண்ணைத் திறந்துவிட்டிருக்கலாம். அப்படியானால் ரெவ் செய்வதை நிறுத்திவிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் இசியூவின் சாஃப்ட்வேர் எண்ணைச் சரிபார்த்து, பழைய ஒரிஜினல் மேப்பை ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே ஆயிலை வடித்து அதில் பித்தளை நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னினால் பேரிங் தேய்கிறது. என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.